இலைக்குறி போட்ட வரைபடம்

திருத்தங்கலில் நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் ஆங்கில மெய்ப்பு பார்ப்பது என் பொறுப்பு. பத்தொன்பது வருடமாகப் பார்க்கிறேன். குழந்தைகளுக்கான படப்புத்தகம், சமையல் புத்தகம், எந்த நாட்டுக்கோ போகும் பாடப்புத்தகம், எது வந்தாலும் மூன்று முறை படிப்பேன். மூன்றாவது முறை அடிக்கோல் வைத்து ஒவ்வொரு வரியாக.

அந்த ஆர்டர் ஏப்ரல் கடைசியில் வந்தது. கடல் கடந்த ஒரு நகரத்துக்கான சுற்றுலா வழிகாட்டி. முதல் பக்கத்தை வாசித்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். கஞ்சா புகைக்கிறவர்கள் அந்த ஊரை எப்படிச் சுற்றிப் பார்க்கலாம் என்று சொல்லும் புத்தகம் அது. ஒன்பது பேட்டைகள், பேட்டைக்கு ஓர் அத்தியாயம். எந்தக் கடையில் முதல் தடவை வருகிறவர்களுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்வார்கள், எந்த விடுதியில் பால்கனியில் உட்கார்ந்து புகைக்கலாம், எந்தப் பூங்காவில் புகைத்தால் அபராதம், எந்த அருங்காட்சியகத்தை அதற்குப் பிறகு பார்த்தால் நன்றாக இருக்கும் என்று எல்லாம் எழுதியிருந்தது. பள்ளிக்கூடத்துக்கு அருகில் அந்தக் கடைகளுக்கு அனுமதி இல்லை என்றும் ஒரு பெட்டிச் செய்தி இருந்தது.

முதலாளியை நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்போம். அவரிடம் போனேன்.

"அங்கன அது தப்பில்லம்மா. லைசென்ஸ் வாங்கிக் கடை வச்சு விக்கிறாக, நம்ம பட்டாசு விக்கிற மாதிரி" என்றார். "வக்கீல்ட்டயும் கேட்டுட்டேன். அச்சடிச்சு அனுப்புறதுல ஒண்ணுமில்ல. ஆனா ஒரு தாளு, ஒரே ஒரு தாளு நம்ம கேட்டைத் தாண்டி ஊருக்குள்ள போயிரக்கூடாது. வேஸ்ட் பூராவும் உங்க கண்ணு முன்னால கட்டிங் மெஷின்ல போடணும். ரிஜிஸ்டர்ல நீங்கதான் கையெழுத்து."

"நானா அண்ணாச்சி?"

"உங்களத் தவிர யாரு எண்ணிப் பாத்துப் போடுவா?"

பாராட்டாகத்தான் சொன்னார். 

அந்தக் கோடையில் எங்கள் பக்கம் கஞ்சாப் பேச்சாகவே இருந்தது. பஸ் ஸ்டாண்டில் பிடித்தார்கள், கண்மாய்க் கரையில் பிடித்தார்கள் என்று தினம் ஒரு செய்தி. என் மகள் படிக்கும் பள்ளியின் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அறிவிப்பு வந்தது. பள்ளி திறக்கும் திங்கட்கிழமை, போலீஸ் முன்னிலையில் எல்லாப் பிள்ளைகளின் பையும் சோதிக்கப்படும். சுற்றுவட்டாரத்தில் எல்லாப் பள்ளிகளிலும் இதே ஏற்பாடு என்று சொன்னார்கள்.

மே கடைசியில் புத்தகம் அச்சானது. கலர் சரியாகும் வரை ஓடிய தாள்கள், மை இழுவிய தாள்கள், மடங்கிய தாள்கள் எல்லாவற்றையும் வெட்டும் இயந்திரத்தில் விரல் அகலத் துண்டுகளாக நறுக்கினார்கள். நான் பக்கத்திலேயே நின்றேன். ரிஜிஸ்டரில் தேதி போட்டு, 'முழுவதும் நறுக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். கீழே அண்ணாச்சி போட்டார்.

இதற்கு மறுநாள்தான் நான் அந்தத் தவறைச் செய்தேன்.

அச்சகத்தில் வேலை பார்க்கிற எங்கள் யார் வீட்டிலும் பிள்ளைகளின் நோட்டுக்கு அட்டை போடக் காசு கொடுத்து பிரவுன் தாள் வாங்குவதில்லை. ஒருபக்கம் மட்டும் அச்சாகி வீணான ஆர்ட் பேப்பரை, வெள்ளைப் பக்கம் வெளியே தெரியும்படி மடித்துப் போட்டுவிடுவோம். வழவழவென்று, மழையில் நனைந்தாலும் தாங்கும். கோடை முழுக்க அப்படிப்பட்ட தாள் விழும்போதெல்லாம் மெஷின்காரர் அதை வெள்ளை மேலே தெரியக் கவிழ்த்து ஜன்னலோரப் பலகையில் அடுக்கிவிடுவார். யாரும் சொல்ல வேண்டாம், கை தானாகச் செய்யும். பள்ளி திறக்கும் முன்பு நான் அதை எண்ணிப் பங்கு வைப்பேன்.

பைண்டிங்கில் இருபத்தோரு பெண்கள். என்னோடு இருபத்திரண்டு பேர். ஆளுக்குப் பத்துத் தாள். சரியாக இருநூற்று இருபது தாள் இருந்தது. அந்த வருடம் கணக்கு மீதமில்லாமல் வந்ததில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட.

"டீச்சரக்கா, எனக்கு ரெண்டு கூடப் போடுங்க. எனக்கு மூணு பிள்ளைக" என்றாள் ஒருத்தி. எழுத்துப்பிழை பார்ப்பதால் அங்கே எனக்கு அப்படி ஒரு பெயர்.

"மூணு பிள்ளைக்கும் பத்துத்தான், ஒரு பிள்ளைக்கும் பத்துத்தான்."

"நீங்க ரேசன் கடையில இருக்க வேண்டிய ஆளுக்கா. இங்கன வந்து மாட்டிக்கிட்டீக."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் மகளின் அறிவியல் நோட்டுக்கு அட்டை போட உட்கார்ந்தேன். தாளைத் திருப்பினேன். என் பங்கு பத்தும் ஒரே மாதிரி. நீலத்தில் ஓடும் ஆறு, சாம்பல் நிறத் தெருக்கள், அவற்றின் மேல் சின்னச் சின்னதாக ஏழு விரல் விரித்த பச்சை இலைகள். புத்தகத்தின் கடைசியில் மடித்து ஒட்டுகிற வரைபடம். அது ஒன்றுதான் ஒருபக்கம் மட்டும் அச்சானது. அதன் வீண் தாள்கள் வேஸ்ட் குவியலுக்கு வரவே இல்லை. மெஷின்காரர் வழக்கம்போல ஜன்னலோரம் கவிழ்த்து வைத்திருக்கிறார். அங்கே இருப்பது இனிப்புப் பெட்டிக்கு அடித்த தாள் என்று நினைத்து, ஒன்றைக்கூடத் திருப்பிப் பார்க்காமல் நானே என் கையால் பங்கு வைத்திருக்கிறேன்.

 திங்கட்கிழமை இருபத்திரண்டு வீட்டுப் பிள்ளைகள் கஞ்சா இலையும் கடைக்கு வழியும் போட்ட தாளைப் பையில் வைத்துக்கொண்டு போலீஸ் முன்னால் வரிசையில் நிற்பார்கள். ஏதோ ஒரு பெண்பிள்ளையின் அட்டையைப் பிரிப்பார்கள். எங்கே கிடைத்தது என்று கேட்பார்கள். அவள் அம்மாவைச் சொல்வாள். அம்மா என்னைச் சொல்வாள். 'முழுவதும் நறுக்கப்பட்டது' என்று என் கையெழுத்தில் இருக்கும் பொய்யைத் தேடி ரிஜிஸ்டரைப் புரட்டுவார்கள். என் வேலை போவது இருக்கட்டும். ஒன்றுமே தெரியாத ஒரு பிள்ளைக்குப் பள்ளியில் என்ன பெயர் வைப்பார்கள்?

சனிக்கிழமை காலை ஷிப்டு தொடங்குமுன் பைண்டிங் பெண்களிடம் சொன்னேன். "அந்தத் தாள்ல மை சரியாக் காயல. பிள்ளைக கையில ஒட்டும். எல்லாரும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போறப்ப எடுத்துட்டு வந்துருங்க. பிரவுன் தாளு நான் வாங்கித் தாரேன்."

 மையோடு பிறந்து வளர்ந்தவர்களிடம் போய் மை காயவில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

"ஏக்கா, மை ஒரு நாள்ல காஞ்சிருமே. எலையத்தான சொல்றீக?" என்றாள் ஜன்னலோரம் இருந்தவள். "எங்க வீட்டுக்காரரு பாத்துட்டு, இதென்ன கருவேப்பிலை மாதிரியும் இல்ல, மரவள்ளி மாதிரியும் இல்லேன்னாரு. நான், வெளிநாட்டு வேப்பிலைன்னு சொல்லிட்டேன்."

"வேப்பிலையச் சுருட்டி என்னைக்கு ஊதுனாக?" என்றாள் இன்னொருத்தி. கூடம் முழுக்கச் சிரிப்பு.  நான் சிரிக்க முயன்று முடியாமல் போனதை அவர்கள் பார்த்துவிட்டார்கள் போலிருக்கிறது. சிரிப்பு சட்டென்று நின்றது. சாப்பாட்டு நேரம் முடிவதற்குள், அன்று வேலைக்கு வந்திருந்தவர்கள் ஒருத்தி பாக்கியில்லாமல் கொண்டுவந்து கொடுத்தார்கள். அட்டை போட்டிருந்ததை உரித்துக் கொண்டுவந்தார்கள், பெயர் ஒட்டிய சீட்டோடு. என்னுடையதையும் சேர்த்து எண்ணினேன். இருநூற்றுப் பத்து. என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

வராதவள் ஒருத்தி. வெம்பக்கோட்டை பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். சொந்தக்காரர் வீட்டுச் சடங்கு என்று லீவு. போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்துப் பிரவுன் தாளைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பதினொன்றரைக்கு அவள் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தேன். அவள் வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா! என்ன இம்புட்டுத் தூரம்? சாப்பிட்டீகளா?"

அவள் மகள் பதினோராம் வகுப்புக்குப் போகிறவள். உள்ளே தரையில் எட்டு நோட்டுகளை அட்டை போட்டு வரிசையாக அடுக்கியிருந்தாள். மீதி இரண்டு தாளில் ஒன்றை இலைப் பக்கம் மேலே தெரிய விரித்து, குப்புறப் படுத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தே, இந்த ஊர்ல இதைச் சுத்திக் காட்டத் தனியா பஸ்ஸே விடுறாகளாமே?" என்றாள். "மணிக்கு ஒண்ணு போவுதாம். நமக்கு ரெண்டு மணி நேரத்துக்கு ஒண்ணு."

"இத வேற யார்ட்டயாச்சும் காட்டுனியா?"

"இல்ல. நாளைக்கு எங்க ஜாக்ரபி மிஸ்ஸுட்டக் காட்டலாம்னு இருந்தேன். மேப் நல்லா இருக்குல்ல?"

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பை சோதனையைப் பற்றிச் சொன்னதும் அம்மாவின் முகம் மாறியது. மகளின் முதுகில் ஒன்று வைத்துவிட்டு, இருவருமாக எட்டு அட்டையையும் உரித்தார்கள்.

"அக்கா, அடுப்புல போட்டுருவோமா?" என்றவள் அவளாகவே தலையை ஆட்டிக்கொண்டாள். "ஆத்தாடி, வேணாம். பக்கத்து மாடியில பட்டாசுத் திரி காயுது. ஒரு பொறி பறந்தா தெருவே இருக்காது."

கிழித்துப் போடலாம் என்றாள். அப்போது ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். சுக்கல் சுக்கலாகக் கிழித்துச் சாக்கடையில் போட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் இருநூற்று இருபதும் ஒன்றாக என் கண் முன்னால் நறுக்கப்பட்டால்தான் ரிஜிஸ்டரில் எழுதியது உண்மையாகும் என்று எனக்குள் ஒரு பிடிவாதம். "வேண்டாம், கணக்கு இருக்கு" என்று பிரவுன் தாளை அவளிடம் கொடுத்துவிட்டு, பத்தையும் வெள்ளை மேலே தெரிய அடுக்கி, சுருட்டிப் பையில் செருகிக்கொண்டேன். பையின் வாய்க்கு மேல் ஒரு முழம் நீட்டிக்கொண்டு நின்றது.

திரும்பும் வழியில், ஊர் தாண்டி ரோடு பிரியும் விலக்கில் பஸ்ஸை நிறுத்தினார்கள். ஒரு போலீஸ் ஏட்டையா ஏறினார். பட்டாசுத் திரி கடத்துகிறார்களா என்று அந்த ரோட்டில் அடிக்கடி பார்ப்பதுண்டு. அன்றைக்குக் கஞ்சாவுக்கும் சேர்த்துப் பார்த்தார்கள். முன் சீட்டிலிருந்து ஒவ்வொரு பையாகத் திறக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு முன்னால் ஐந்து வரிசை. பையைச் சீட்டுக்கு அடியில் தள்ளலாமா என்று நினைத்தேன். தள்ளுவதைப் பார்த்துவிட்டால்?  ஜன்னல் வழியாகப் போட்டுவிடலாமா? கீழே இன்னொரு போலீஸ்காரர் நின்றார்.

"என்னம்மா அது, சுருட்டி வச்சிருக்கீக?"

"பேப்பரு சார். நோட்டுக்கு அட்டை போட."

சுருளை அவரே உருவினார். பெருவிரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். வெள்ளை மேலே இருந்தது.

"ஆர்ட் பேப்பரா? பிரஸ்ல வேலையா?"

"ஆமா சார்."

"அதான பாத்தேன். கடையில இப்படிக் கெடைக்காதே. நாளைக்குப் பள்ளிக்கூடம் தொறக்கு, ஏம் பிள்ளை ரெண்டு நாளா அட்டை அட்டைன்னு உசுர வாங்குறா. ரெண்டு எடுத்துக்கிடவா?"

பின் சீட்டிலிருந்து யாரோ, "குடுங்கம்மா, ஏட்டையா கேக்காருல்ல. நீங்க குடுத்தா பஸ்ஸாவது கெளம்பும்" என்றார்கள்.

வேண்டாம் சார் என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. வேண்டாம் என்றால் ஏன் என்பார். ஏன் என்றால் திருப்புவார்.  தலையை மட்டும் அசைத்தேன் போலிருக்கிறது. மேலிருந்த இரண்டை எடுத்து, வெள்ளைப் பக்கம் கசங்கக் கூடாதென்று அதை மட்டுமே பார்த்துப் பதமாகச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மிச்சத்தை என் மடியில் வைத்து, "நல்லா இருங்கம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கினார். பஸ் கிளம்பியது. என் ஊரில் இறங்கிய பிறகு நான் என் தெருவுக்கு எப்படி நடந்து போனேன் என்று அன்றைய டைரியில் இல்லை. ஒன்றையும் விடாமல் எழுதுகிற எனக்கு அந்த அரை மணி நேரம் நினைவில்லை.

திங்கட்கிழமை என் மகள் பிரவுன் அட்டையோடு பள்ளிக்குப் போனாள். எட்டே முக்காலுக்கு நான் அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஜன்னலோரப் பலகையில் தொடங்கி, ஏட்டையாவின் கக்கம் வரை. அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"போலீஸ்காரரு வீட்டுலயா?"

"ஆமா அண்ணாச்சி."

"ஊர்ல அம்புட்டுப் பேரு இருக்கையில, அவருக்கா?"

 திட்டவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. பிறகு எழுந்து வந்து மெஷின் பக்கத்தில் அவரும் நின்றார். அலமாரியில் இருந்ததையும் பையில் இருந்ததையும் சேர்த்து நறுக்கினார்கள். ரிஜிஸ்டரை எடுத்தேன்.

"இருநூத்தி இருவதுன்னு போட்டுருங்க" என்றார் தணிந்த குரலில். "ரெண்டு தாளு. அவரு என்ன நம்ம ரிஜிஸ்டரப் பாக்கவா போறாரு?"

ஒருமுறை பார்க்காமல் எழுதியதால்தான் இத்தனையும். அன்று எழுதியது பொய் என்று எனக்குத் தெரியாது, இன்று தெரியும்.  பழைய கையெழுத்துக்குக் கீழே தேதி போட்டு, முந்தைய பதிவு தவறு என்று எழுதினேன். வரைபடத் தாள் நறுக்கப்பட்டது இருநூற்றுப் பதினெட்டு. நறுக்கப்படாதது இரண்டு, வெளியே போய்விட்டது, பொறுப்பு என்னுடையது. கையெழுத்துப் போட்டு ரிஜிஸ்டரை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். படித்தார். பேனாவை வாங்கவில்லை. மூடி வைத்துவிட்டு, "போயி வேலையப் பாருங்கம்மா" என்றார்.

அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. என்னை வேலையை விட்டுப் போகச் சொல்லவும் இல்லை. அந்தத் திங்கட்கிழமை சோதனையில் எந்தப் பள்ளியிலும் எதுவும் அகப்பட்டதாகச் செய்தி இல்லை. ஒருவேளை ஏட்டையாவின் மகளின் பையை யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். அட்டை போடும்போது உள்பக்கத்தை அங்கே பார்த்தார்களா, பார்த்தும் அது என்ன இலை என்று தெரியவில்லையா, எனக்குத் தெரியாது.

போட்ட அட்டையை வருஷக் கடைசியில்தான் பிரிப்பார்கள், நோட்டைப் பழைய பேப்பர் கடையில் போடும்போது. ஏப்ரல் வர இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. அச்சகத்து வாசலில் ஜீப் சத்தம் கேட்டால் மெய்ப்பில் எந்த வரியில் இருந்தேன் என்பது விட்டுப்போகிறது. மறுபடி பக்கத்தின் தலையிலிருந்து படிக்கிறேன்.