தேய்மானம் போக

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரரைச் சேகரிப்பாளர்கள் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முகத்துக்கு நேரே ‘தராசு சார்’, முதுகுக்குப் பின்னால் வெறும் தராசு. அவருக்கு இரண்டும் தெரியும். இரண்டும் பிடிக்கும்.

வாரம் முழுக்க வில்லை தீட்டுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையின் பின்னறையில் பழைய நாணயம் சேர்ப்பவர்கள் கூடுவார்கள். மற்றவர்களுக்கெல்லாம் காசின் மேல் ஆசை, இவருக்குக் காசை எடை பார்க்கும் எடைக்கல்லின் மேல். அந்தக் காலத்து வியாபாரி கைக்கு வந்த பொற்காசை யாராவது சுரண்டியிருக்கிறார்களா என்று பார்க்க, தராசின் எதிர்த்தட்டில் ஒரு சின்னப் பித்தளைத் துண்டை வைத்தான். அந்தத் துண்டுகளை வயலிலோ, பழைய இரும்புக் கடையிலோ கண்டெடுத்து, பொத்தானா வேறு ஏதாவதா என்று புரியாமல் கொண்டு வருவார்கள். தராசு மின்விசிறியை நிறுத்தச் சொல்வார். காற்றுப் பட்டால் முள் ஆடும். எல்லோரும் வியர்த்து வழிந்துகொண்டு நிற்க, எடை போட்டு, உருவத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, இன்ன காசுக்கு உரிய கல் என்பார். எந்தக் காசோடும் பொருந்தாவிட்டால் ஒரே சொல்தான்: “குப்பை.”

வீட்டில் இந்தப் புகழ் எடுபடவில்லை. “ஊர்ப் பித்தளையெல்லாம் எடை போடத் தெரியுது. காய்கறிக்காரன் ஏமாத்தினா மட்டும் தெரியாது” என்பாள் மனைவி.

அவளுக்கு ஒரே தம்பி. குழாய் வேலை செய்பவன். பழைய கட்டடம் ஒன்றில் தோண்டும்போது நகத்தளவு சதுரப் பித்தளை அவனுக்கு அகப்பட்டது. ஒரு பக்கம் கப்பல், மறுபக்கம் மொட்டை. கழுவித் தேய்த்தால் மாமா கத்துவார் என்று தெரியும். மண்ணோடு காகிதத்தில் சுற்றி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு ஞாயிறு காலை வந்துவிட்டான்.

“எல்லார் முன்னாடியும் பாருங்க மாமா.”

மின்விசிறி நின்றது. கப்பல் போட்ட காசின் எடை தராசுக்கு மனப்பாடம். இந்தத் துண்டு அதைவிடக் கொஞ்சம் லேசாக இருந்தது. தேய்ந்ததா என்றால் அதுவும் இல்லை, விளிம்பு கூராக இருந்தது.

“குப்பை, மாப்ளே. எவனோ அச்சு அடிச்சுப் பழகியிருக்கான்.”

மூலையிலிருந்த தபால்காரர், “பரவாயில்லப்பா, ஏதாவது குழாயில ஓட்டை விழுந்தா அடைச்சுக்கலாம்” என்றார். அறையே சிரித்தது. தராசும் சிரித்தார். அதுதான் வினையாகப் போயிற்று.

தினமும் மாலையில் அக்கா வீட்டில் டீ குடிக்கிறவன் வருவதை நிறுத்தினான். சமையலறைக் குழாய் ஒழுகத் தொடங்கியது. கூப்பிட்டால், வேறு ஆளைப் பாருங்கள் என்றான். வேறு ஆள் வரக் கூடாது என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். கீழே ஒரு வாளி வந்தது.

“குப்பைன்னா குப்பைன்னே சொல்லுங்க. கூட்டத்தோட சேர்ந்து சிரிக்கணுமா? எனக்கிருக்கிறது ஒரே தம்பி.”

தராசு வாளியைக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்தார்.

ஒரு பகல், கடையில் வில்லை ஒன்றைத் தீட்டி அளவுக் கருவியில் வைத்தார். கேட்ட அளவுக்கு ஒரு துளி தள்ளி இருந்தது. இந்த அளவு தள்ளலாம் என்று வழக்கமாக விடுவதுதான், கண்ணாடிச் சட்டத்தில் பொருத்தப் போனார். கை அப்படியே நின்றுவிட்டது. அந்தக் காலத்து வியாபாரியும் இதைத்தானே பார்த்திருப்பான்? கை மாறிக் கை மாறித் தேய்ந்த காசுதான் அவனிடம் வரும். அச்சிலிருந்து விழுந்த புதுக் காசின் எடையை வைத்து அவன் என்ன செய்வான்? எவ்வளவு வரை தேய்ந்திருந்தால் வாங்கலாம் என்று ஒரு வரம்பு இருந்திருக்கிறது. அதை அவர் படித்தும் இருந்தார். அந்த வரம்புக்கே கல் செய்திருப்பான் என்று மட்டும் மண்டையில் ஏறவில்லை.

கடையை அப்படியே போட்டுவிட்டு மைத்துனனின் பட்டறைக்கு ஓடினார்.

“மாப்ளே, அந்தத் துண்டு எங்கே?”

அவன் இடுப்பிலிருந்த சாவிக் கொத்தைத் தூக்கிக் காட்டினான். கப்பலின் நடுவில் அழகாக ஓட்டை போட்டு வளையத்தில் கோத்திருந்தான்.

“ஓட்டை போட்டுட்டியா!”

“குப்பைதானே மாமா. குப்பையில ஓட்டை போட்டா என்ன, ஒட்டுப் போட்டா என்ன?”

“அது குப்பை இல்லடா. குப்பை என் மூளை.”

மைத்துனன் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தான். விஷயத்தைச் சொன்னார். எடையைத் திரும்பப் பார்த்தாக வேண்டும். ஓட்டையில் போன பித்தளையை எங்கே தேடுவது? அவன் துளைக்கும் இயந்திரத்தின் கீழே இருந்த தட்டைக் காட்டினான். பல நாள் தூள் அங்கே குவிந்து கிடந்தது. அவன் காந்தத்தை எடுத்துவந்தான். இரும்புத் தூள் காந்தத்தோடு போயிற்று. பிளாஸ்டிக்கை ஊதித் தள்ளினார்கள். மிச்சத்தில் மஞ்சளாகச் சுருண்டிருந்ததை இரண்டு பேரும் தலை முட்டிக்கொண்டு ஊசியால் பொறுக்கினார்கள்.

“இது எல்லாம் இதுலேர்ந்துதானாடா? வேற பித்தளை எதுவும் துளைச்சியா?”

“இல்ல மாமா. கோபத்துல துளைச்சது இது ஒண்ணுதான்.”

கடைக்குக் கொண்டுபோய், துண்டையும் தூளையும் சேர்த்து எடை போட்டார். வரம்புக்கு ஏறக்குறையச் சரியாக நின்றது.

“சரி, என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? ஞாயித்துக்கிழமை கூட்டத்துல சொல்லுங்க. போஸ்ட்மேன் இருக்கணும்” என்றான் மைத்துனன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் இருந்தார்கள். தராசு எழுந்து நின்று சொன்னார். “போன தடவை நான் தப்பாச் சொல்லிட்டேன். இவன் கொண்டு வந்தது நிஜமான எடைக்கல். தேய்ஞ்ச காசுக்குன்னே செஞ்சது. நான் புதுக் காசோட ஒப்பிட்டுக்கிட்டு இருந்தேன்.” பிறகு, “சிரிச்சதும் தப்பு” என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. தபால்காரர் எதையோ கணக்குப் போடுகிறவர்போல மேலே பார்த்தார்.

“அப்ப, கொஞ்சம் எடை கம்மின்னு நீங்க தூக்கிப் போடச் சொன்னதெல்லாம்?”

“தூக்கிப் போட்டீங்களா?”

“எவன் போடுவான்?”

பின்னறையில் நாற்காலிகள் உரசின. ஒருவர் பணப்பையின் உள்மடிப்பிலிருந்து ஒன்றை எடுத்தார். இன்னொருவர் வீட்டுக்குப் போய்வருகிறேன் என்று செருப்பை மாட்டினார். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் ஒரு மாத்திரை டப்பாவையே கவிழ்த்தார். தராசு தலையில் கை வைத்துக்கொண்டார். மைத்துனன் எழுந்து வாசலில் நின்றுகொண்டான்.

“வரிசையா வாங்க சார். தள்ளாதீங்க. போஸ்ட்மேன் சார், நீங்க கடைசி.”

மதியம் தாண்டியும் வரிசை குறையவில்லை. மனைவி போன் செய்தாள். தராசின் கையில் இடுக்கி இருந்ததால் மைத்துனன்தான் எடுத்தான்.

“அக்கா, நாங்க வர லேட்டாகும்” என்றான்.

மறுமுனையில் அவள், “சாப்பாடு ரெண்டு பேருக்கும்தானே?” என்று கேட்டாள்.