பெருமாள்சாமி வைத்த பொட்டு

பெருமாள்சாமி அண்ணனுக்கு உட்காரவே தெரியாது. பெங்களூரு ஹெப்பகோடியில் என் பஞ்சர் கடைக்குப் பக்கத்து மெக்கானிக் ஷெட்தான் அவருடையது. பதினொரு வருஷமாகப் பார்க்கிறேன், டீயைக்கூட நடந்துகொண்டேதான் குடிப்பார்.

அன்று காலை ஒன்பதரைக்கு யசோதாவின் கார் உதறிக்கொண்டே வந்து நின்றது. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனிக்கு ராத்திரி ஷிப்ட் ஓட்டுகிறவள். இரண்டு வருஷமாக அவள் மகள் பக்கத்து வீட்டில்தான் தூங்குகிறாள். அன்று பதினொரு மணிக்குக் கம்பெனியில் வண்டியைச் சோதிப்பார்கள், தேறினால் பகல் ஷிப்ட். அதற்காகத்தான் முந்தின நாள் இவரிடம் மூன்று ஸ்பார்க் ப்ளக்கும் புதிதாக மாற்றியிருந்தாள்.

அண்ணன் எஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு சிலிண்டரின் ப்ளக்குக்கும் மின்சாரம் தரும் மூன்று காயில்களின் ஒயரையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். முதலாவதைக் கழற்றியதும் எஞ்சின் திணறியது, மூன்றாவதற்கும் அப்படியே. நடுவில் இருந்ததைக் கழற்றியபோது ஒரு மாற்றமும் இல்லை. அந்த சிலிண்டர் செத்துக் கிடந்தது.

காயிலை இடம் மாற்றினார். பலனில்லை. உடனே யசோதா மேல் பாய்ந்தார். கண்ட பங்க்கில் பெட்ரோல் போட்டிருப்பாள், தேங்கின தண்ணீரில் விட்டிருப்பாள் என்று நாலு பேர் கேட்கத் திட்டினார். அவள் மணியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது.

"ப்ளக்கைப் பாருண்ணா" என்றேன்.

"அது பூஜையில வெச்ச ப்ளக்குடா. அதுல ஏது கோளாறு?"

பத்து இருபதாகிவிட்டது. வேறு வழியில்லாமல் நடு ப்ளக்கை முதல் சிலிண்டருக்கும், அங்கிருந்ததை நடுவுக்கும் மாற்றினார். இப்போது முதல் சிலிண்டர் செத்தது, நடு சிலிண்டர் உயிர்பெற்றது. செத்த சிலிண்டரின் ப்ளக்கைக் கழற்றிக் கையில் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

வெள்ளைப் பீங்கானில் காய்ந்த சந்தனம், அதன்மேல் குங்குமம். ஆயுத பூஜையன்று விற்க வைத்திருக்கும் ப்ளக் செட் ஒவ்வொன்றிலும் ஒன்றை எடுத்துப் பொட்டு வைப்பது அவர் வழக்கம். ராத்திரித் தூறலில் அது ஈரம் வாங்கியிருக்கிறது. மின்சாரம் ப்ளக்கின் நுனிக்குப் போய்ப் பொறியாகாமல் பொட்டு வழியாக வெளியே ஓடி, ஒரு கறுப்புக் கோடு போட்டிருந்தது.

வேறு ப்ளக் மாட்டியதும் எஞ்சின் சீராக ஓடியது. அந்தப் பொட்டு வைத்த ப்ளக்கைச் சத்தமில்லாமல் பையில் போட்டுக்கொண்டிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் அதை யசோதாவிடம் நீட்டினார்.

"உன் மேல தப்பில்லம்மா. பொட்டு வெச்சது நானு."

அவள் வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தாள். மணி பத்து ஐம்பது.

அதன்பின் அவர் ஒரு வேலையும் பார்க்கவில்லை. ஷெட்டுக்கும் ரோட்டுக்குமாக நடந்தார். பன்னிரண்டுக்கு அவர் போன் அடித்ததும் என்னிடம் நீட்டினார்.

"நீ பேசுடா."

யசோதாதான். "அவருகிட்ட சொல்லுங்கண்ணா, இன்னிக்கு ராத்திரி பாப்பா என்கூடத்தான் தூங்கப்போறா."

சொன்னேன். பழைய டயர் ஒன்றை இழுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.