கேட்டில் நின்ற இன்ஜினியர் கார்

என் தம்பிக்கு ஐம்பத்தெட்டு வயது. அவன் உழைத்த பேட்டரி தொழிற்சாலை மூடியதிலிருந்து பத்து வேலை பார்த்துவிட்டான். பதினோராவது வேலைதான் அவனுக்குப் பிடித்தது. அதே தொழிற்சாலை நிலத்தில் வீடுகள் கட்டப் போகிறார்கள். அதற்காக ஈய நஞ்சு கலந்த மண்ணை வாரி ஏற்றிப்போகும் லாரிகளைக் கேட்டில் நிறுத்தி டயர் கழுவுவது அவன் பொறுப்பு. கழுவியபின் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்ப்பான். மண் ஒட்டினால் மறுபடி தண்ணீர். டிரைவர்கள் அவனுக்கு 'மாமியார்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அப்படியும் எதிரே இருக்கும் பள்ளி வாசலில் எடுத்த தூசி இரண்டு முறை ஈயச் சோதனையில் தேறவில்லை. பள்ளியைப் பூட்டிவிட்டார்கள். மூன்றாவது முறையும் தேறாவிட்டால் ஊர்க்கோடிக்கு மாற்றிவிடுவார்களாம். பழி முழுக்க இவன் தலையில் விழுந்தது. சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னான்.

"அக்கா, லாரி ஒண்ணு விடாம கழுவுறேன். ஆபீசருங்க கார் மட்டும் அப்படியே போகுது."

"ஏன், ஆபீசர் கார்ல மண்ணு ஒட்டாதா?"

"நிறுத்தினா வேலை போயிடும்."

"நிறுத்தலைன்னா பள்ளிக்கூடம் போயிடும்."

மறுநாள் நான் சாப்பாடு கொண்டுபோனபோது பெரிய இன்ஜினியரின் கார் கேட்டில் நின்றது. தம்பி திறக்கவில்லை.

"யோவ், என் பொண்டாட்டிக்கு வலி எடுத்திருச்சு! திறய்யா!"

தம்பி என்னைப் பார்த்தான். நான் முப்பது வருஷம் பிரசவ வார்டில் வேலை பார்த்தவள்.

"எப்ப எடுத்துச்சு?"

"இப்பதாம்மா போன் வந்துச்சு!"

"தலைப்பிரசவமா?"

"ஆமா!"

"அப்ப சாயங்காலம் ஆகும். அஞ்சு நிமிஷத்துல ஒண்ணும் ஆயிடாது. ஷூவைக் கழட்டுங்க. இந்த மண்ணோடயா பிள்ளையைத் தூக்கப் போறீங்க?"

அந்தக் கேள்விக்கு அடங்கினார். தம்பி சக்கரத்துக்கு மேலே, மட்கார்டுக்குள் குழாயைப் பாய்ச்சினான். செங்கல் அளவு மண் பொத்தென்று விழுந்தது. இன்ஜினியரும் பார்த்தார். கேட்டுக்கு வெளியே நான் கழற்றி நீட்டிய பூப்போட்ட செருப்பை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்.

பெண் குழந்தை. மாலை ஏழரைக்குத்தான் பிறந்தது.

அன்றிலிருந்து எல்லாக் கார்களும் லாரிக்குப் பின்னால் வரிசையில் நின்றன. தெருவை இரண்டு முறை அலசிவிட்டார்கள். மூன்றாவது சோதனையில் தூசி தேறியது.

பள்ளி திறந்த அன்று இன்ஜினியர் குடும்பத்தோடு வந்தார். "மாமியாரே, பிள்ளையைப் பிடிங்க!" என்று நீட்டினார்.

தம்பி இரண்டடி பின்னால் போனான். முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவி, வெள்ளைத் துணியால் துடைத்து, துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான் குழந்தையை வாங்கினான். டிரைவர்கள் விசிலடித்தார்கள்.

என் செருப்பு மட்டும் இன்னும் வந்தபாடில்லை.