மச்சானுக்குத் துடக்கில்லை

பிறந்த ஊருக்குள் நான் கழுத்தில் அட்டை தொங்கவிட்டுக்கொண்டு நுழைந்தேன். அட்டையில் என் பெயர், அதற்குக் கீழே நோர்வே. குளிரூட்டிய வான் கோப்பாய்ச் சந்தியைத் தாண்டியதும் வழிகாட்டி சுதன் ஒலிவாங்கியைக் கையில் எடுத்து, இடது பக்கம் தெரிவது வெங்காயத் தோட்டம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல் தந்து, இங்கத்தைய கிணற்றுத் தண்ணீர் வெளிநாட்டு வயிற்றுக்கு ஒத்துவராது, குடிக்க வேண்டாம் என்றார். அவர் கைகாட்டிய கிணற்றில் பத்தொன்பது வருடம் குடித்து வளர்ந்த வயிறு என்னுடையது. நல்ல பிள்ளை மாதிரித் தலையாட்டிவிட்டுப் போத்தலைத் திறந்தேன்.

கிராமியப் பண்பாட்டு உணவுச் சுற்றுலா என்று அதற்குப் பெயர். ஒரு நாள் பயணம்: காலையில் தோட்டம், பனங்கட்டி, புழுக்கொடியல், மத்தியானம் ஒரு வீட்டில் சாப்பாடு, பின்னேரம் முருகன் கோயில். வானுக்குள் எட்டு வெள்ளைக்காரர், ஒன்பதாவது நான். அந்த எட்டில் ஒருவர் ஆர்னே. பேர்கன் நகரத்தில் என்னோடு பதினான்கு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருக்கு யாழ்ப்பாணம் பார்க்க ஆசை. எனக்கு யாழ்ப்பாணம் என்னைப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று ஆசை. யாழ்ப்பாணத்தில் நிற்க எனக்கு இருந்தது நான்கே நாள். சொந்தக்காரர் ஒருவர் வீட்டில் தேத்தண்ணீர் குடித்தால் மிச்ச இருபத்தாறு வீட்டிலும் குடிக்க வேண்டும். ஒரு வீட்டை விட்டால் போதும், அவர்கள் நம் செத்தவீட்டுக்கும் வரமாட்டார்கள். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டு வெள்ளைக்காரருக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டால் யார் கண்ணிலும் படாமல் வந்த காரியத்தை முடிக்கலாம் என்று கணக்குப் போட்டேன்.

வந்த காரியம் ஒரு நேர்த்தி. முப்பது வருடத்துக்கு முன்பு நான் கடவுச்சீட்டும் இல்லாமல் ஏதோ ஒரு நாட்டின் எல்லையில் குளிரில் நின்றபோது, மகன் போய்ச் சேர்ந்தால் கோயிலைச் சுற்றிப் பிரதட்டை செய்விப்பேன் என்று அம்மா முருகனிடம் சொல்லிவிட்டார். வேண்டிக்கொண்டது அம்மா, மண்ணில் உருள வேண்டியது நான். முதலில் பாதை இல்லை, பிறகு லீவு இல்லை, அதற்குப் பிறகு இடுப்பு இல்லை, வயிறுதான் இருந்தது. அம்மாவுக்கு இப்போது எண்பத்து மூன்று வயது, எங்களோடு பேர்கனில் இருக்கிறார். புறப்படும்போது, "நான் கண்ணை மூட முன்னம் அதை முடிச்சுப்போடு. போன்லை எனக்குக் காட்டவேணும். சும்மா செய்தனான் எண்டு வந்து சொல்லாதை," என்றார். என்னை அவருக்குத் தெரியும்.

மத்தியானம், சுற்றுலாக்காரருக்குச் சமைத்துப்போடும் மலரக்கா வீட்டில் வாழையிலை போட்டார்கள். பின்னேரம் கோயில் என்பதால் மச்சம் இல்லை, முழுச் சைவம். கத்தரிக்காய்ப் பால்கறி, பயிற்றங்காய், பூசணி, முருங்கைக்காய், சொதி, மோர்மிளகாய். ஆர்னே குருநகர் நண்டை நினைத்துக்கொண்டு வந்தவர். முகத்தில் சின்ன ஏமாற்றம் தெரிந்தாலும், வைத்ததை மிச்சம் விடாமல் சாப்பிடுவது அவர்கள் நாட்டு மரியாதை என்பதால் இலையைத் துடைத்து வைத்தார். வெறும் இலையைக் கண்டால் திரும்பப் போடுவது எங்கள் நாட்டு மரியாதை. மலரக்கா போட்டார், ஆர்னே முடித்தார், மலரக்கா மறுபடியும் போட்டார். இரண்டு நாடுகளும் விட்டுக்கொடுக்கவில்லை. நான்காம் முறை ஆர்னே என்னைப் பார்த்த பார்வையில் ஓர் உதவி கேட்டல் இருந்தது. நான் அவருக்கு உதவவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. நோர்வேக்குப் போன முதற் குளிர்காலத்தில் ஆர்னே அல்ல, வேறொரு நல்ல மனிதர் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். சாப்பிடுகிறாயா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். முதல் தரம் வேண்டாம் என்பதும், இரண்டாம் தரம் இழுப்பதும், மூன்றாம் தரம் கையை நீட்டுவதும்தானே முறை. அவர் சரி என்று சொல்லிவிட்டு என் முன்னால் இருந்து முழு மீனைச் சாப்பிட்டு முடித்தார். அன்று பசியோடு பஸ் ஏறினேன். பஸ் நிறைய ஆட்கள் நின்றார்கள், என் பக்கத்து இருக்கை மட்டும் வெறுமையாக இருந்தது. நாங்கள் எல்லோரிடமும் அப்படித்தான், உன்னைப் பார்த்து அல்ல என்று பிற்காலத்தில் ஆர்னே விளக்கினார். இருந்தாலும் நான் சாரதியானதற்கு அதுவும் ஒரு காரணம். சாரதிக்குப் பக்கத்தில் இருக்கையே கிடையாது.

உருளுவதற்கு வயிறு இலேசாக இருக்கட்டும் என்று நான் மட்டும் இரண்டு வாய் சோறோடு கையை எடுத்தேன். அதுதான் நான் விட்ட பிழை. கறி பிடிக்கவில்லையா என்று மலரக்காவின் முகம் கறுத்துவிட்டது. நேர்த்தி இருக்கிறது, பின்னேரம் பிரதட்டை என்று சொல்லிச் சமாளித்தேன்.

"நோர்வேயிலை இருந்து வந்து இந்தக் கோயிலிலையோ? அப்ப உங்களுக்கு எந்த ஊர், தம்பி?"

"இந்தப் பக்கந்தான்."

"இந்தப் பக்கமெண்டால்? ஆற்றை மகன்?"

குடிவரவு அதிகாரிகள் ஆறு மணித்தியாலம் விசாரித்தும் என்னிடமிருந்து எடுக்க முடியாத உண்மைகளை மலரக்கா கையில் சோற்றுக் கோப்பையோடு மூன்று நிமிடத்தில் எடுத்துவிட்டார். அப்பாவின் பெயர் வந்ததும் கோப்பையைக் கீழே வைத்தார்.

"தணிகாசலத்தாரின்ரை மகனே? அப்ப நீங்கள் குழந்தைவேலரின்ரை பெறாமகனெல்லோ. உங்களுக்குத் துடக்கு. கோயிலுக்குப் போகேலாது."

குழந்தைவேலர் என் சித்தப்பா. அவர் இறந்து பதினெட்டு நாளாம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் செத்தவீட்டுத் தீட்டு, கோயிலில்லை. வேலியோரத்து முருங்கை யாருடையது என்பதில் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பேச்சு நின்றபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அதற்குப் பிறகு முருங்கையும் பட்டுப்போனது, அப்பாவும் போய்விட்டார், கோபம் மட்டும் தழைத்து நின்றது. சண்டைக்கு வேலி உண்டு, துடக்கு வேலி பார்க்காது.

"எங்களுக்கு ஒருத்தரும் அறிவிக்கேல்லையே," என்றேன்.

"அறிவிக்கத் தேடினவை, தம்பி. உங்கடை நம்பர் ஒருத்தரிட்டையும் இல்லை. கொள்ளி வைக்க முன்னமும் அவரின்ரை பெடியள் கேட்டுக்கொண்டுதான் திரிஞ்சவை."

நான் யார் கண்ணிலும் படக்கூடாதென்று ஒளிந்து வந்த ஊரில் என்னைத் தேடியிருக்கிறார்கள்.

சுதன் மெல்ல என் காதருகில் வந்து, "அண்ணை, நான் ஒண்டும் கேக்கேல்லை. நீங்கள் உள்ளை போங்கோ, ஆர் பாக்கப் போயினம்," என்றார். மலரக்காவுக்கு அது கேட்டுவிட்டது. "தெரியாமல் போனால் குற்றமில்லை. இப்ப தெரிஞ்சுபோச்சு," என்றார். தெரியப்படுத்தியவரே அவர்தான். அடுத்த நாள் காலை எனக்கு ரயில், அதற்கடுத்த நாள் விமானம். அம்மாவிடம் என்ன சொல்வேன்?

நடப்பது என்ன என்று ஆர்னே கேட்டார். நோர்வேஜிய மொழியில் துடக்கை விளக்கிப் பாருங்கள். யாரோ இறந்ததால் நான் முப்பத்தொரு நாள் தொற்றுநோயாளி என்பதுபோல் ஏதோ சொல்லி முடித்தேன். அவர் நன்றாக யோசித்துவிட்டு, உன் வேலைமுறைக்கு நீ வராத நாட்களில் நான் உன் பஸ்ஸை ஓட்டவில்லையா, இதையும் நானே உருண்டுவிடுகிறேன் என்றார். ஐந்து தரம் சோறு தின்ற மனிதர்.

இதை மலரக்காவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. சட்டம் படித்தவர்போல் யோசித்தார்.

"சுகமில்லாத ஆளுக்குப் பதிலாச் சொந்தக்காரர் உருளுறவைதான். உவர் உங்களுக்கு என்ன முறை?"

"ஒண்டா வேலை செய்தனாங்கள், அக்கா. அண்ணை மாதிரி."

"அண்ணையெண்டால் அவருக்கும் துடக்கெல்லோ."

மலரக்கா ஆர்னேயை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார். "மச்சானெண்டு வையுங்கோ. மச்சானுக்குத் துடக்கில்லை."

இப்படியாக, பேர்கனைச் சேர்ந்த ஆர்னே அறுபத்தேழாவது வயதில், ஒரு வாழையிலையின் முன்னால், எங்கள் குடும்பத்துக்குள் வந்து சேர்ந்தார். சாப்பிட்டுவிட்டு உருளலாமா என்று நான் கேட்டதற்கு, முருகன் வெள்ளைக்காரரிடம் அவ்வளவு கண்டிப்பில்லை என்று மலரக்கா அதற்கும் ஒரு வழி விட்டார்.

பின்னேரம் கோயில் வாசலில் எட்டுப் பேரும் செருப்புக் கழற்றி உள்ளே போனார்கள். பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் விட்டுப் போனார்கள். ஆர்னே கிணற்றில் நான்கு வாளி அள்ளி ஊற்றி, குளிர் போதவில்லை என்று குறைப்பட்டு, ஈர வேட்டியோடு வெளிவீதி மண்ணில் படுத்தார். ஐயரிடம் சுதன் என்ன சொல்லி அனுமதி வாங்கினார் என்று நான் விசாரிக்கவில்லை. வெளிவீதியைச் சுற்றிய மதிலுக்கு வெளியே நின்று அம்மாவை அழைத்து, போனைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தேன்.

"ஆரடா உது, வெள்ளையா உருளுது?"

விஷயத்தைச் சொன்னேன்.

"துடக்கெண்டு தெரியாமல் நானும் வெள்ளிக்கிழமை சாமிக்கு விளக்கேத்தினனான்," என்றார் அம்மா. குரல் உடைந்திருந்தது. "குழந்தைவேலர் எனக்கு மூத்தபிள்ளை மாதிரியடா. நான் கலியாணம் கட்டி வரேக்கை அவருக்கு ஏழு வயது. நேர்த்தியை உந்தப் பிள்ளை முடிக்கட்டும். நீ இண்டைக்கே சித்தப்பா வீட்டிலை போய்த் தலையைக் காட்டு."

அந்த வீடு நிகழ்ச்சி நிரலில் இல்லை. ஆர்னேயையும் என்னையும் விட்டுவிட்டு வானை எடுக்கும்படி சுதனுக்குச் சொன்னேன்.

அப்போது முதியவர் ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து என் அருகில் நின்றார். என் அட்டையையும் காலடியில் கிடந்த செருப்புகளையும் பார்த்தார்.

"வெளிநாட்டாக்களோடை வந்தனீங்களே? நீங்கள் உள்ளை போகேல்லையே?"

"இல்லை ஐயா. துடக்கு."

"ஆற்றை துடக்கு?"

"குழந்தைவேலரின்ரை. நான் பெறாமகன், தணிகாசலத்தின்ரை மகன்."

அவர் முகம் மலர்ந்தது. உடனே, தான் கோயிலுக்கு வந்தவர் என்பது நினைவு வர, சைக்கிளோடு இரண்டு முழம் தள்ளி நின்றார். தள்ளி நின்றபடியே அப்பாவைப் பற்றியும் அந்த முருங்கையைப் பற்றியும் என் சின்ன வயது மூக்குச்சளி பற்றியும் அரை மணிநேரம் கதைத்தார். சித்தப்பா வீட்டுக்குப் போகிறேன் என்றதும், கும்பிட்டுவிட்டு வந்து தானே கூட்டிப்போவதாகச் சொன்னார்.

அப்படியே வந்தார். முன்னால் அவர் சைக்கிளை உருட்டினார். உடம்பெல்லாம் மண்ணும் நெற்றி நிறைய விபூதியுமாக ஆர்னே அவர் தோளோடு தோள் ஒட்டி நடந்தார். மச்சானுக்கு அந்த உரிமை உண்டு. நான் ஆர்னேயின் செருப்புகளைக் கையில் தூக்கிக்கொண்டு இரண்டு முழம் பின்னால் போனேன், சொந்தக்காரன் நடக்க வேண்டிய இடத்தில்.