பானையில் இல்லாத நிழல்

இரண்டு வருடங்களுக்கு முன், மாரி மழை விட்டு வெயில் ஏறத் தொடங்கிய தை மாதம். யாழ்ப்பாண நகரில் உள்ள ஒரு பாடசாலையில் நான் சித்திர ஆசிரியை. அந்த வாரக் கடைசியில் பிள்ளைகளின் சித்திரக் கண்காட்சி. கோடு, வடிவம், நிறம், ஒளியும் நிழலும் என்று சித்திரத்தின் அடிப்படைக் கூறுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பலகை வைப்பதாக ஏற்பாடு. நீர்வேலியிலிருந்து காலையில் பஸ் ஏறினால் திரும்பி வீடு போய்ச் சேரும்வரை ஒரே ஓட்டம்தான்.

அந்த ஓட்டத்தில் இடது கண்ணில் ஏதோ நடப்பதை நான் பெரிதாக எடுக்கவில்லை. கண்ணை அசைத்தால் ஓரத்தில் மின்னல் வெட்டியது போல ஒரு கீற்று. பிறகு கரித்தூள் மிதப்பது போலக் கறுப்புப் புள்ளிகள். சின்ன வயதிலிருந்தே தடித்த கண்ணாடி போடுகிறவள் நான். கண்ணாடியை மாற்றவேண்டும் போலிருக்கிறது, கண்காட்சி முடியட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்று வகுப்பில் ஒளிநிழல் பாடம். வெள்ளை அடித்த பானை ஒன்றை இடது பக்க யன்னலோரம் மேசையில் வைத்து, அதைப் பார்த்துப் பலகையில் வரைந்து காட்டினேன். சித்திரக்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. அளவு பார்க்க ஒரு கண்ணை மூடிக்கொள்வோம். நான் வலது கண்ணை மூடிப் பானையைப் பார்த்தேன். இடது பக்கம், அடியில், கனத்த நிழல். சோக்கட்டியைப் படுக்கவைத்து அதையும் தீட்டினேன்.

முன்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை தயங்கித் தயங்கி எழும்பினாள்.

"ரீச்சர், அது யன்னல் பக்கமெல்லே? அந்தப் பக்கத்திலை நிழல் விழேல்லையே."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே அழித்தேன். அவள் சொன்னது சரி. வெளிச்சம் வரும் பக்கத்தில் நிழல் எப்படி விழும்? ஆனாலும் நான் அதைக் கண்டேனே! அந்த எண்ணம் மனதில் முள்ளாகத் தைத்தது. மணி அடித்தது. அடுத்த வேலை வந்து அதை மூடிவிட்டது.

பாடசாலை விட்டதும் பலகைகளுக்குப் போர்த்த வெள்ளைத் துணி வாங்கப் போனேன். வழக்கமாகப் போகும் கடை பூட்டியிருந்தது. பக்கத்துத் தெருவில், முன்பின் போயிராத ஒரு சின்னப் புடவைக் கடைக்குள் ஏறினேன். முஸ்லிம் தம்பதி ஒன்றின் கடை. ஐயாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒரு கண் பால் போல வெளிறியிருந்தது. மனைவி பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

அவர் விரித்த துணியின் கீழ் மூலையில் மங்கலாக ஒரு கறை.

"அண்ணை, இதிலை கறை இருக்கு. வேறை எடுங்கோ."

அவர் துணியைத் தடவிப் பார்த்தார். இன்னொன்றை விரித்தார். அதிலும் அதே மூலையில் அதே கறை. மூன்றாவதிலும் இருந்தது. எனக்குச் சினம் வந்தது. "என்னண்ணை, எல்லாம் ஊத்தைத் துணியாக் கிடக்கு?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. மூன்று துணியிலும் நான் ஒரே மூலையைக் காட்டியதைக் கவனித்தவர் போல என் கண்களைப் பார்த்தார்.

"தங்கச்சி, குறை நினையாதேங்கோ. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு நான் போட்டிருக்கிற சேட்டைப் பாருங்கோ. பிறகு மற்றக் கண்ணைப் பொத்துங்கோ."

இடது கண்ணைப் பொத்தினேன். சேட்டு முழுதாகத் தெரிந்தது. வலது கண்ணைப் பொத்தினேன். சேட்டின் கீழ்ப் பாதியில் ஒரு பக்கத்தைக் காணவில்லை. அவருடைய கையும் மேசை விளிம்பும் அந்த இருட்டுக்குள் போயிருந்தன.

"தெரியேல்லை" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"எனக்கும் இப்பிடித்தான் துவங்கினது. புத்தளத்திலை அகதி முகாமிலை இருக்கேக்கை. கீழையிருந்து ஆரோ கறுப்புத் துணியை இழுக்கிற மாதிரி. விடியச் சரியாயிடும் எண்டு படுத்தனான். பிறகு இந்தக் கண் விடியவேயில்லை." தன் வெளிறிய கண்ணைத் தொட்டுக் காட்டினார். "என்ன வருத்தமோ, பேர் எனக்குத் தெரியாது. உங்களுக்கு வேறை ஏதாவதாயும் இருக்கலாம். ஆனா வீட்டை போகாதேங்கோ. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ."

என் கணவருக்குப் போன் எடுத்தேன். அவர் கிளிநொச்சியில் வேலையில் நின்றார். "களைச்சுப்போனீர் போலை. வீட்டை போய்க் கொஞ்சம் படும், சரியாயிடும். நாளைக்குக் காட்டுவம்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட எனக்கும் ஆசையாக இருந்தது. போனை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். கடைக்காரர் கதவை இழுத்துப் பூட்டிக்கொண்டிருந்தார். மனைவி ஓட்டோவை மறித்திருந்தார்.

"தனியப் போகாதேங்கோ. நாங்களும் வாறம்" என்றார் கடைக்காரர்.

பெயர்கூடத் தெரியாதவர்களுக்கு நடுவில் இருந்து போனேன். அவர் சாரதியிடம் பள்ளம் பார்த்து மெதுவாகப் போகச் சொன்னார். எனக்கோ பறந்து போகவேண்டும் போலிருந்தது. வலது கண்ணைப் பொத்திப் பொத்தி அந்த இருட்டு எவ்வளவு ஏறிவிட்டது என்று பார்த்தபடி இருந்தேன். முன்னே போன பஸ்ஸின் சில்லுகள் தெரியவில்லை. கொஞ்சத்தில் நம்பர் தகடும் போனது போலிருந்தது. உண்மையோ பயமோ தெரியாது. அந்த அம்மா என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"இனிப் பாக்காதேங்கோ மகள். பாத்தாப்போலை நிக்கவே போகுது?"

ஆஸ்பத்திரியில் கண் பகுதி முடிகிற நேரம். கடைக்காரர் வரிசையில் நின்றவர்களிடம் கெஞ்சி என்னை முன்னுக்கு விட்டார். கண்ணில் மருந்து விட்டு, வெளிச்சம் அடித்துப் பார்த்த டொக்டர் நிமிரவே நெடுநேரம் எடுத்தது.

"விழித்திரை கிழிஞ்சு கழண்டுகொண்டிருக்கு. நடுப் பார்வைக்கு இன்னும் வரேல்லை. ஆனா கிட்ட வந்திட்டுது. நாளைக்கு வந்திருந்தா என்னாலை ஒண்டும் சொல்லேலாது."

அசையாமல் படுக்க வைத்தார்கள். என் கணவர் ஓடி வந்து சேரும்வரை அந்த இருவரும் வாசலிலேயே இருந்தார்கள். மறுநாள் சத்திரசிகிச்சை. விழித்திரை திரும்ப ஒட்டிப் பிடிக்கக் கண்ணுக்குள் வாயு நிரப்பினார்கள். பிறகு பல நாட்கள் முகத்தைக் கவிழ்த்தபடியே சாப்பாடு, நித்திரை எல்லாம். கண்காட்சி நான் இல்லாமலே நடந்தது. அது பற்றிக் கவலைப்படக்கூட மனம் இல்லை. நிறம் தெரியுமா, ஒரு நேர்கோடு இனி எனக்கு நேராக இருக்குமா என்பதே இரவுபகல் யோசனை. இருபது வருடங்களாக நான் படிப்பித்த ஒவ்வொரு கூறும் என்னிடம் விடைபெறுவது போலிருந்தது.

கட்டு அவிழ்த்த அன்று முதலில் தெரிந்தது வெறும் வெளிச்சமும் இருட்டும். கணவர் அழுதாரா சிரித்தாரா என்று தெரியவில்லை. நாட்கள் போக உருவங்கள் வந்தன. பிறகு நிறம், தாதியின் கையில் இருந்த ஒரு நீல மூடி. வாயு கரையக் கரைய, கிணற்றுக்குள் நீர்மட்டம் போல ஒரு கோடு கண்ணுக்குள் ஆடி ஆடித் தாழ்ந்தது. அதற்கு மேலே உலகம் மெல்ல மெல்லத் துலங்கியது. இன்று அந்தக் கண் முன்புபோல் கூர்மை இல்லை. ஆனால் வரைகிறேன், படிப்பிக்கிறேன்.

குணமானதும் கணவருடன் அந்தக் கடைக்குப் போனேன். முன்பின் தெரியாத எனக்காக ஏன் கடையைப் பூட்டிக்கொண்டு வந்தீர்கள் என்று கேட்டேன். அவர் கூச்சப்பட்டார்.

"என்ரை கண் போகேக்கை பக்கத்திலை எத்தினையோ சனம் இருந்தவை, தங்கச்சி. எல்லாரும் நல்லவைதான். சரியாயிடும் எண்டு சொன்னவை. எழும்பு, நானும் வாறன் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை."

அதன்பிறகு யாராவது தங்கள் உடம்பில் ஏதோ வித்தியாசமாக இருக்கிறது என்று என்னிடம் சொன்னால், ஆறுதல் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை, கூடப் போகச் செருப்பைத்தான் தேடுகிறேன்.