விளக்குத் தின்னிக்கு வழிவிட்ட சாயங்காலம்

இதை எழுத உட்கார்ந்து எழுதாமல் எழுந்து போன நாட்கள் நிறைய. தினமும் சாமி கும்பிடுகிற பெண்பிள்ளை, டிவியில் வந்த ஓர் அசுரனைப் பற்றி நல்ல வார்த்தை எழுதினால் படிக்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம் ஒரு பக்கம். எட்டாவதோடு நின்றுபோன படிப்பு இன்னொரு பக்கம். இரண்டையும்விடப் பெரிய தயக்கம், இதில் என் மகளுடைய துக்கம் இருக்கிறது என்பது. அவள் வளர்ந்துவிட்டாள், வேலூரில் நர்சிங் படிக்கிறாள். போன கார்த்திகை தீபத்துக்கு வந்திருந்தபோது அவளே சொன்னாள்: "எழுதும்மா. நீ எழுதலன்னா ஊர்ல பேசறதுதான் நெலச்சி நிக்கும்."

ஊரில் பேசுவது என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்த அசுரனைச் சொல்ல வேண்டும்.

அவன் பெயர் விளக்குத் தின்னி. வேறு ஏதோ மொழியில் எடுத்து, தமிழில் பேசவைத்த சிறுவர் தொடர் அது. சாயங்காலம் ஆறு மணிக்குப் போடுவார்கள். அவனை எதிர்க்கிற மூன்று பிள்ளைகள்தான் கதாநாயகர்கள். அவர்கள் முகம்கூட எனக்கு நினைவில்லை. எப்போதும் கத்திக்கொண்டே ஓடுவார்கள். விளக்குத் தின்னி ஓடமாட்டான், கத்தமாட்டான், மற்ற வில்லன்களைப் போல வயிறு குலுங்கச் சிரிக்கவும் மாட்டான். அவன் கிரீடம் தெர்மாகோலில் செய்தது, ஓரத்தில் வெள்ளித்தாள் பிய்ந்து தொங்கும். புருவத்துக்குப் பஞ்சு ஒட்டியிருப்பார்கள். ஆனாலும் அவன் வந்து நின்றால் வீட்டில் யாரும் பேசமாட்டோம்.

விளக்கு வைக்கிற நேரத்தில் ஒவ்வொரு வீட்டு வாசலாகப் போய் நிற்பான். மரியாதையாக, "உள்ளே வரலாமா, தாயே?" என்று கேட்பான். வீட்டுக்காரர்கள் "வாங்க" என்று சொன்னால்தான் அவனால் நிலைப்படியைத் தாண்ட முடியும். உள்ளே வந்து விளக்கின் சுடரை இரண்டு விரலால் எடுத்து வாயில் போட்டுக்கொள்வான். அதன் பிறகு அந்த வீட்டில் விளக்கு எரியாது. சுடரை விழுங்கியதும் கண்ணை மூடி நெஞ்சில் கை வைத்துக்கொள்வான். சுடுகிறதோ, இல்லை ஏதாவது நினைவு வருகிறதோ தெரியாது. அந்த இடத்தில் எனக்கு அவன்மேல் கோபமே வந்ததில்லை. அவன் குகையில் யாரும் அவனுக்கென்று ஒரு விளக்கு ஏற்றியதில்லை என்று ஒரு நாள் கதையில் வந்தது. அதற்கு முன்பே, சொல்லாமலே, அந்த நடிகர் அதைக் காட்டிவிட்டிருந்தார்.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி. வாசலில் நின்றால் எதிரே மலைதான். சாயங்காலம் பின்கதவைச் சாத்தி, முன்கதவைத் திறந்து வைத்து, மலையைப் பார்க்க விளக்கேற்றுவது எங்கள் வழக்கம். அந்த நேரத்தில் டிவி ஓடக்கூடாது என்பது என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் கண்டிப்பு. அவர் கீழ்பென்னாத்தூருக்கும் டவுனுக்குமாக வேன் ஓட்டினார், பெரும்பாலும் மல்லாட்டை மூட்டை லோடு, வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். ஒரு மழை நாளில் வேன் கவிழ்ந்து அவர் போய்விட்டார். அவருடைய போனும் அதிலேயே நசுங்கிப்போனது. என்னிடம் இருந்தது பட்டன் போன், அதில் எதையும் பதிந்து வைத்ததில்லை. அவர் குரல் ஓரிடத்திலும் மிச்சமில்லை.

எங்கள் மகள் பாப்பாவுக்கு அப்போது ஏழு வயது. அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, "கொழந்த பயந்துக்கும்" என்று பெரியவர்கள் முடிவுசெய்து, அவளைத் தூக்கிக்கொண்டுபோய் அடுத்த தெருவில் ஒரு வீட்டில் வைத்துவிட்டார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் அழைத்துவந்தார்கள். அதற்கப்புறம் அவள் அழவில்லை. அப்பா எங்கே என்றும் கேட்கவில்லை. சோற்றைப் பிசைந்து வைத்தால் "பசிக்கல" என்பாள். உடம்பு குச்சியாகிவிட்டது. நான் செங்கம் ரோட்டில் வெளியூர்க்காரர்கள் தங்குகிற ஒரு விடுதியில் சமையலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஊர்ப்பட்ட பேருக்கு வடித்துப் போட்டுவிட்டு வந்து, என் பிள்ளை வாயில் ஒரு கவளம் வைக்க முடியாமல் நிற்பேன். பிள்ளைகள் தொடர் பார்த்தாவது சாப்பிடட்டும் என்று ஆறு மணி டிவியை நானே போட்டுவிட ஆரம்பித்தேன்.

ஒரு நாள் அடுப்படியில் திரி திரித்துக்கொண்டிருந்தேன். வாசலில் என் வீட்டுக்காரர் குரல் கேட்டது.

"உள்ளே வரலாமா, தாயே?"

"இதோ வரேங்க" என்று சொல்லிவிட்டேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாசல்வரைக்கும் வந்துவிட்டேன். யாரும் இல்லை. மலை மட்டும் இருந்தது. திரும்பினால் டிவியில் விளக்குத் தின்னி நின்றுகொண்டிருந்தான். பாப்பா டிவியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கும் கேட்டுச்சாம்மா?" என்றாள்.

எத்தனை நாளாக அவளுக்குத் தெரியுமோ. சொன்னால் டிவியை நிறுத்திவிடுவேன் என்று சொல்லாமல் இருந்திருக்கிறாள். மல்லாட்டைத் தோலைக் கையில் வைத்துத் தேய்த்தால் வருமே ஒரு கரகரப்பு, அதே கரகரப்பு. பேசுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமுவது அதே போல. அவன் பேசிய தமிழ் எழுத்துத் தமிழ், அவர் அப்படிப் பேசியதில்லை. ஆனால் குரல் அவருடையது.

அதுமுதல் அவள் சாப்பிட்டாள். அவன் வந்து பேசும்போது வாயைத் திறப்பாள், நான் ஊட்டுவேன். அந்த மூன்று பிள்ளைகள் வந்து கத்த ஆரம்பித்தால் வாயை மூடிக்கொள்வாள். நான் ஒரு கண்ணை டிவியிலும் ஒரு கண்ணை வாசல் விளக்கிலும் வைத்திருப்பேன். அவன் சுடரை எடுக்கக் கை நீட்டும்போதெல்லாம் எழுந்துபோய் எங்கள் விளக்கைக் கையால் பொத்திக்கொள்வேன். அண்ணாமலையாரைப் பார்க்க ஏற்றிய விளக்குக்கு எதிரே ஓர் அசுரன் பேசுகிறான், அந்தக் குரலுக்காக நான் ஆறு மணி எப்போது ஆகும் என்று காத்திருக்கிறேன். இது பாவமா என்று யாரைக் கேட்பது?

வீட்டுக்காரரின் தங்கை கீழ்பென்னாத்தூரில் இருக்கிறாள். ஒரு சாயங்காலம் பையில் மல்லாட்டையோடு வந்தவள், வாசற்படியில் கால் வைத்ததும் அப்படியே நின்றுவிட்டாள். பை கீழே சரிந்து காய் சிதறியது.

"அண்ணி, உள்ள யாரு பேசறது?"

அவள் உள்ளே வந்து, பஞ்சுப் புருவத்தோடு நின்றவனைப் பார்த்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். எனக்கு ஒரு பக்கம் பயம், ஒரு பக்கம் நிம்மதி. எங்கள் இரண்டு பேருக்கும் புத்தி கெட்டுப்போய்விடவில்லை, அவளுக்கும் கேட்கிறது.

கொஞ்சம் தெளிந்ததும் பிடித்துக்கொண்டாள். "வெளக்கு வெக்கற நேரத்துல இதப் போட்டு வெச்சினு இருக்கீங்களே, இன்னா அண்ணி இது? நல்லதுக்கில்ல."

"அவரு வந்தாதான் அத்தை நான் சாப்பிடுவேன்" என்றாள் பாப்பா.

"அசுரனுக்கு இன்னாடி அவரு, இவரு?"

"உனக்கு மட்டும் ஏன் அத்தை கண்ணு கலங்குது?"

அவள் சிதறின காயைப் பொறுக்கப் போனாள். அதற்கப்புறம் வாரத்தில் இரண்டு நாளாவது ஆறு மணிக்குள் பஸ் பிடித்து வந்துவிடுவாள். எதற்கு வந்தாய் என்று நானும் கேட்டதில்லை.

அப்படி இருக்கும்போது ஒரு திங்கட்கிழமை விளம்பரம் போட்டார்கள்: வெள்ளிக்கிழமை விளக்குத் தின்னியின் முடிவு. தொடர் அதோடு நிறைவு. என் கையிலிருந்த சோறு கையிலேயே நின்றது. இந்தப் பிள்ளை எத்தனை தடவை தகப்பனைப் பறிகொடுக்கும்? மறுபடியும் வாயை மூடிக்கொண்டால் நான் என்ன செய்வேன்?

தெருமுனையில் கேபிள்காரத் தம்பியைப் பிடித்தேன். "வெள்ளிக்கெழம ஆறு மணிக்கு எங்க வீட்டுக்கு மட்டும் லைன நிறுத்திடுப்பா. அரை மணி நேரம் போதும்."

"அக்கா, எல்லாரும் படம் வரலன்னு திட்டுவாங்க. வரக்கூடாதுன்னு கேக்கறது நீங்க ஒருத்தர்தான்."

"காரணமாத்தான் கேக்கறேன்."

"உங்க ஒரு வீட்டுக்கு நிறுத்தறதுக்கு நான் கம்பம் ஏறணும். பேசாம ஒயரப் புடுங்கி விட்டுட்டு, கேபிள்காரன் சரியில்லன்னு சொல்லிடுங்க. எல்லா வீட்லயும் அதான சொல்றீங்க."

வியாழக்கிழமை டிவிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். பாப்பா வந்து நின்றாள்.

"ஒயரப் புடுங்காதம்மா. அவரு சாவப்போறாருன்னு எனக்குத் தெரியும்."

"பயந்துக்குவடி."

"அப்பாவுக்கும் அதான் சொன்னாங்க. பயந்துக்கும், பயந்துக்கும்னு என்னத் தூக்கினு போயிட்டாங்க. எனக்கு மோளம்தான் கேட்டுச்சு. இந்தத் தடவயாவது பாக்கறேன்."

நான் கையை எடுத்துவிட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் எங்கள் ஊர் ஆதி அருணாசலேஸ்வரர் சன்னதியில் நின்று ஓர் அசுரனுக்காக வேண்டிக்கொண்டேன். அவனைப் பிழைக்கவை என்று கேட்கவில்லை. சாகும்போது அவன் அலறக்கூடாது, அவ்வளவுதான். அந்தக் குரலில் ஓர் அலறலைக் கேட்டுவிட்டால், அதற்கப்புறம் எங்கள் மூன்று பேருக்கும் அது ஒன்றுதான் மிஞ்சும்.

வெள்ளிக்கிழமை நாத்தனார் மத்தியானமே வந்துவிட்டாள். ஆறு மணிக்கு நான் விளக்கை ஏற்றி வைத்ததும், போய் முன்கதவைச் சாத்தினாள். விளக்கு வைத்த பிறகு முன்கதவைச் சாத்துவது எங்கள் வீட்டில் நடந்ததே இல்லை. "தெறந்து வெக்காதீங்க அண்ணி, எனக்கு என்னமோ மாதிரி இருக்கு" என்றாள். சாத்தட்டும் என்று விட்டுவிட்டேன். விளக்கை மட்டும் நகர்த்திக் கதவுக்கு உள்பக்கமாக வைத்துக்கொண்டு அதன் பக்கத்திலேயே நின்றேன்.

கதையில் அந்த மூன்று பிள்ளைகள் ஊர் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டார்கள், யாரும் "வாங்க" சொல்லக்கூடாதென்று. ஒரு வீடும் அழைக்காவிட்டால் அவன் கரைந்துபோவான். விளக்குத் தின்னி ஒவ்வொரு வாசலாக வந்தான். "உள்ளே வரலாமா, தாயே?" கதவுகள் சாத்தியே இருந்தன. அடுத்த வாசல். அடுத்த வாசல். குரல் இறங்கிக்கொண்டே வந்தது, ஆனால் மரியாதை குறையவில்லை. இங்கே எங்கள் கதவும் சாத்தியிருந்தது. நாத்தனார் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள்.

கடைசி வீட்டின் முன்னால் வந்து தொண்டையைச் செருமினான். "உள்ளே வரலாமா?" இந்தத் தடவை தாயே என்றுகூடச் சொல்லவில்லை.

பாப்பா எழுந்தாள். என்னைத் தாண்டிப் போய்த் தாழ்ப்பாளை நீக்கி, முன்கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்தாள்.

"வேணாம்டி கண்ணு, வெளக்கு" என்றாள் நாத்தனார்.

பாப்பா என் முகத்தைப் பார்த்தாள். என் கை அதுவாகவே விளக்கைப் பொத்திக்கொண்டிருந்தது. கையை எடுத்தேன். வாசலில் வருகிறவருக்கு வழிவிடுவதுபோல ஒதுங்கி, சுவரோடு நின்றேன்.

"வாப்பா" என்றாள் அவள், வெளியே பார்த்து. "உள்ள வா."

நிலைப்படியில் நின்றபடியே டிவியைத் திரும்பிப் பார்த்தாள். விளக்குத் தின்னி அந்தக் கடைசி வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார். கதவு இடுக்கில் தெரிந்த விளக்கைப் பார்த்துக்கொண்டே, "வெளிச்சம் நன்றாக இருக்கிறது" என்றார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் அந்தப் படியில் யாரும் இல்லை. அலறல் இல்லை.

பாப்பா அழுதாள். அத்தனை மாதத்து அழுகையும் வந்தது. அத்தை மடியில் கிடந்து விக்கிக்கொண்டே, "அப்பா மூஞ்சி எப்படிம்மா இருந்துச்சு?" என்று முதல்முறையாகக் கேட்டாள்.

"தூங்கற மாதிரிதான் இருந்துச்சு. நெத்தி நெறைய விபூதி வெச்சிருந்தாங்க. மீசையில கொஞ்சம் ஒட்டினு இருந்துச்சு, நான்தான் தொடச்சி விட்டேன்."

"கண்ணு மூடி இருந்துச்சா?"

"மூடித்தான் இருந்துச்சு."

இன்னும் என்னென்னவோ கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் சொன்னேன். பிறகு, "பசிக்குது" என்றாள். டிவி அதற்கு முன்பே நிறுத்தியாகிவிட்டது.

அந்தக் குரலுக்குரியவர் யாரென்று எனக்குத் தெரியாது. பெயர்கள் ஓடும் வேகத்தில் என்னால் படிக்க முடிந்ததில்லை. சென்னையில் ஏதோ ஓர் அறையில் உட்கார்ந்து, கொடுத்த வசனத்தைப் பேசிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். அசுரனுக்குப் பேசுகிறோம் என்று அலட்சியமாகப் பேசவில்லை அவர். அதனால் ஒரு குழந்தை சாப்பிட்டது. அவர் குடும்பம் நன்றாக இருக்கட்டும். இன்றைக்கும் விளக்கு வைக்கும்போது என் காது வாசலில்தான் இருக்கிறது. செருமல் சத்தம் ஏதாவது கேட்டால் கை தானாக ஈரத்தைத் துடைத்துக்கொள்கிறது. பாதையில் போகிற யாராவது சாமியார்தான்.

இனி ஊரில் பேசுவது. அன்றைக்குக் கதவு திறந்தபோது தெருவில் போன ஓர் அம்மா, பாப்பா வெறும் வாசலைப் பார்த்துக் கூப்பிட்டதைப் பார்த்திருக்கிறார். விளக்கு தானாக அணைந்தது என்று ஆரம்பித்து, செத்துப்போனவர் பௌர்ணமிக்குப் பௌர்ணமி எங்கள் டிவியில் பேசுகிறார் என்பதுவரைக்கும் வந்துவிட்டது. அந்த டிவியைக் கும்பிடவேண்டும் என்று கிரிவலம் வந்தவர்கள் வீடு தேடி வந்திருக்கிறார்கள். அதைப் பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிட்டோம் என்றால் முகம் வாடிப்போகிறது.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். நடந்தபடியே சொல்லுங்கள். விளக்கு அணையவில்லை. எண்ணெய் தீரும்வரை எரிந்தது, காற்றுகூட வரவில்லை. வாசலுக்கு யாரும் வரவில்லை. ஒரு குழந்தை கதவைத் திறந்து கூப்பிட்டாள், அவள் அம்மா ஒதுங்கி வழிவிட்டாள். இதற்குமேல் ஒன்றும் சேர்க்காதீர்கள், இதில் ஒன்றையும் எடுத்துவிடாதீர்கள். என் மகள் அவள் அப்பாவைப் பார்த்தது இவ்வளவுதான். இது அவளிடம் இப்படியே இருக்கட்டும்.