காகத்துச் சோறும் மூன்று கோழிகளும்

வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், நான்காம் மாடியில் எங்கள் வீடு. அதற்கு மேல் மொட்டை மாடிதான். வேலை தேடிக் கொழும்புக்கு வந்து எங்களோடு தங்கியிருந்த மாமா, ஒருநாள் மூன்று முட்டைக் கோழிகளைக் கொண்டுவந்து அங்கே தண்ணீர்த் தொட்டியின் நிழலில் கூடு அடித்தார். சும்மா இருந்து சாப்பிடுகிறோமே என்ற கூச்சம் அவருக்கு. முதலில் கோழிகள் அவருடைய மானத்தைக் காப்பாற்றின. பிறகு முட்டைக் கோது தோல்போல மெலிந்தது. பிறகு முட்டையே இல்லை.

"தீபாவளிக்குள்ள முட்டை போடாட்டி, தீபாவளிக்குக் கறிதான்" என்றார் அம்மா.

நான் மூன்றுக்கும் பெயர் வைத்திருந்தேன்.

மறுநாள் மாமா மொட்டை மாடியிலேயே இருந்து பார்த்தார். நண்பகலில் இரண்டாம் மாடி அன்ரி இலையில் சோறு கொண்டுவந்து மாடியின் கைப்பிடிச் சுவரில் வைத்து, "கா, கா" என்று கூப்பிட்டார். கணவர் தவறிய நாளிலிருந்து, காகம் தொடாமல் அவர் சாப்பிடுவதில்லை. அவரைப் பார்த்து மற்ற வீடுகளும் அங்கேயே வைக்கத் தொடங்கியிருந்தன. காகம் வந்து சேருவதற்குள் எங்கள் கோழிகள் சுவரில் ஏறிவிட்டன.

சோற்றால் இரைப்பை நிரம்பினால் கோழி தீனியைத் தொடாது. கோதுக்கு வேண்டிய சுண்ணாம்பும் முட்டைக்கு வேண்டிய புரதமும் தீனியில்தான் இருக்கின்றன. உச்சி வெயிலில் வயிறு நிறையத் தின்றால் உடல் சூடும் ஏறும். இதெல்லாம் நான் பின்னாளில் படித்தது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், மாமா கோழிகளுக்கு விடியலில் ஒருமுறை, வெயில் தாழ்ந்தபின் ஒருமுறை தீனி வைத்தார், இடையில் தண்ணீர் மட்டும் வைத்துக் கூட்டைப் பூட்டினார் என்பதுதான். கோழிகள் கம்பிக்குப் பின்னால் நின்று கத்தின. நானும் கூட நின்று அழுதேன்.

"தம்பி, வாயில்லாச் சீவனை அடைச்சு வச்சுப் பட்டினி போடுறீரே!" என்று அன்ரி ஏசினார். கட்டிடம் முழுவதும் மாமாவுக்குக் கஞ்சன் என்று பெயர் வந்தது.

"அன்ரியிட்ட இங்க சோறு வைக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோவன், மாமா."

"அவ ஆருக்கு வைக்கிறா எண்டு தெரியுமே பிள்ளை? கோழியின்ர நேரத்தைத்தான் மாத்தலாம்."

தீபாவளிக்கு முன்தினம் காலையில் கூட்டுக்குள் ஒரு முட்டை கிடந்தது. தட்டிப் பார்த்தேன், கோது கல்லுப்போல இருந்தது. அம்மா இறைச்சிக் கடைக்கு ஆளனுப்பி ஆட்டிறைச்சி வாங்கினார். மாமா அந்த முதல் முட்டையை எடுத்துக்கொண்டு நேரே இரண்டாம் மாடிக்கு இறங்கினார். நான் பின்னால் ஓடினேன்.

அன்ரி முட்டையைக் கையில் வாங்கினார். அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தீரே தம்பி? நீர் பட்டினி போட்டும், முந்தி என்ர சோத்தைத் திண்ட புண்ணியத்துக்குத்தான் இது போட்டிருக்கு. என்ர மனிசன்ர ஆசீர்வாதம்."

நான் வாயைத் திறந்தேன். மாமா என் தோளை மெல்ல அழுத்தினார்.

"ஓம் அக்கா" என்று தலையாட்டினார்.

இன்று பண்ணைகளுக்குத் தீனி நேரம் வகுத்துக் கொடுப்பது என் தொழில். அதன் முதல் பாடத்துக்காக மாமாவுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்று படியேறும்போது, வென்ற மனிதர் ஏன் தோற்றவரைப்போல ஓம் போட்டார் என்று எனக்கு ஒரே கோபம். அவரை விட்டுவிட்டுப் படிகளை இரண்டிரண்டாகத் தாவி முன்னால் ஏறினேன்.